பாஸ்கல் துப்பாக்கியை மறைத்த வரலாறு

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் போனவனுக்கு நல்ல கதி கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்காமல் இருந்தவன் பாட்டுக்கு இருக்கிறான். கேட்டவன்தான் மாட்டுகிறான். பாஸ்கல் கேட்கப் போனார். போன இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இதில் நான் கூட்டிச் சொல்ல அவசியமே இல்லாதபடி அந்த அலுவலகம் பார்த்துக்கொண்டது.

பாஸ்கல் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு புனேயில் ஒரு வங்கி வாசலில் சொந்தத் துப்பாக்கியோடு காவல் நின்றார். இரட்டைக்குழல் துப்பாக்கி, அந்த மாநிலத்தில் எடுத்த உரிமம், ஒரு கான்வாஸ் உறை. இதற்கிடையில் அவர் மனைவி மரியசெல்விக்குத் திண்டுக்கல்லில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நிரந்தர ஆசிரியை வேலை கிடைத்தது. இருவருமே சாணார்பட்டிப் பக்கத்துக்காரர்கள். சந்தோஷமாக மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். நிரந்தர வேலை என்றால் உடனே சம்பளம் வரும் என்று அர்த்தமில்லை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. பணி நியமனத்துக்கு ஒப்புதல் வரவேண்டுமாம். அது எப்போது வரும் என்று தலைமையாசிரியைக்கும் தெரியவில்லை, பள்ளியை நடத்துகிற சர்ச் சாமியாருக்கும் தெரியவில்லை. அதுவரை அடுப்பு எரிய வேண்டுமானால் பாஸ்கல் வேலைக்குப் போயாக வேண்டும்.

ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டிக்கு ஒரு துப்பாக்கிக் காவலர் தேவைப்பட்டார். நிறுவனத்தின் மேலாளர் அஸ்பாக், பாஸ்கலைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"லைசென்ஸ் இருக்கு, துப்பாக்கி இருக்கு, மில்டிரி சர்வீஸ் இருக்கு. எங்களுக்கு வேற என்னண்ணே வேணும்? லைசென்ஸ்ல ரிமார்க் எதுவும் இல்லாம இருந்தாச் சரி. திங்கக்கிழமையே வண்டியில ஏறிருங்க."

"இல்ல தம்பி. இது வேற ஸ்டேட்டு லைசென்ஸு. இங்க எப்படித் தூக்கிட்டுப் போகணும், எங்க பதியணும்னு கேட்டு, முறைப்படி செஞ்சிட்டு வந்துர்றேன்."

அஸ்பாக் அவரைப் பாவமாகப் பார்த்தார். "உங்க இஷ்டம்ணே. ஆனா தீவாளி நெருக்கத்துல வண்டி ஓட்டம் சாஸ்தி. அதுக்கு மேல சீட்டைக் காலியா வைக்க முடியாது."

துப்பாக்கியைப் பொது இடத்தில் வெளியே தெரியும்படி கொண்டுபோகக் கூடாது, உறைக்குள் மறைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது பாஸ்கலுக்குத் தெரியும். தெரிந்ததோடு நிறுத்தியிருக்கலாம். இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதற்கென்றே நம்மூரில் ஓர் அலுவலகம் இருந்தது. 'மாவட்டப் படைக்கல மறைவுநெறி அலுவலகம்' என்று பெயர். பேகம்பூரில் ஆட்டோ ஏறித் 'துப்பாக்கி ஆபீஸ்' என்றால் இறக்கி விட்டுவிடுவார்கள்.

வாசலில் காவலர் முத்துச்சாமி உட்கார்ந்திருந்தார்.

"பையில என்ன?"

"துப்பாக்கி."

முத்துச்சாமி பதறிப்போய் இரண்டு பக்கமும் பார்த்தார். "என்னப்பு நீங்க, இம்புட்டுச் சத்தமாச் சொல்றீங்க! மறைச்சுல்ல வச்சிருக்கணும்?"

"நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

"கேட்கத்தான் செய்வேன், அது என் டூட்டி. சொல்லாம இருக்கிறது உங்க டூட்டி. சரி, உள்ள ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. இங்கன வச்சிட்டுப் போங்க."

துப்பாக்கியை வாசலில் வைத்துவிட்டு பாஸ்கல் உள்ளே போனார். பிரிவு எழுத்தர் சத்யபிரியா உரிமத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"துப்பாக்கி எங்க சார்?"

"கேட்ல இருக்கும்மா. உள்ள விடல."

"ஆயுதத்தைப் பார்க்காம நான் எப்படி சார் பதியறது? கொண்டுவாங்க."

"அவரு விடமாட்டேங்குறாரே."

"ஆயுதமா இருந்தா விடமாட்டார். உறைக்குள்ள மறைச்சுக் கொண்டுவாங்க."

பாஸ்கல் திரும்பி வந்தார். உறையோடு வருகிற எதையும் திறந்து காட்டாமல் உள்ளே விட முடியாது என்றார் முத்துச்சாமி. திறந்தால் அது ஆயுதம், விட முடியாது. வாசலில் வைத்தே திறந்து சத்யபிரியா வந்து பார்க்கலாமே என்றால், வாசல் பொது இடம், பொது இடத்தில் துப்பாக்கி தெரியக் கூடாது. இப்படியே நாலைந்து நடை நடந்தார். சியாச்சினில்கூட அவருக்கு இப்படி மூச்சு வாங்கியதில்லை.

கடைசியில் அலுவலகமே ஒரு வழி கண்டுபிடித்தது. இரண்டு உதவியாளர்கள் ஒரு வேட்டியைக் கொண்டுவந்து வாசலில் திரையாகப் பிடித்தார்கள். வேட்டிக்கு அந்தப் பக்கம் பாஸ்கலும் சத்யபிரியாவும் குனிந்து துப்பாக்கியைப் பார்த்தார்கள். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் யாருக்கோ நடுரோட்டில் பிரசவம் என்று நினைத்து ஓடிவந்தார்கள். ஒரு பெண் வெந்நீர் வேண்டுமா என்று கேட்டார். துப்பாக்கிதான் என்று தெரிந்ததும் கூட்டம் இரண்டு மடங்கானது. இருபது செல்போன்கள் வேட்டிக்கு மேலே நீண்டன. மறைவு முறையாகக் காக்கப்பட்டது என்று சத்யபிரியா கோப்பில் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு நெறியாளர் ஆனந்த்ராஜ் அவரை அறைக்குள் அழைத்தார். இவர்தான் இந்த அலுவலகத்துக்குத் தலைவர். வாழ்நாளில் ஒருமுறைகூடத் துப்பாக்கியைத் தொட்டதில்லை என்பதைத் தகுதியாகவே சொல்லிக்கொள்வார்.

"உட்காருங்கள் பாஸ்கல். வேறு மாநிலத்தில் நீங்கள் துப்பாக்கியை மறைத்தது வேறு. அங்கே மறைப்பது எப்படி என்று அவர்களுக்கே தெரியாது. இங்கே மறைவு என்பது ஒரு பண்பாடு. உங்கள் ஆயுதம் மறைக்கத் தகுந்ததுதானா என்று நாங்கள் பரிசோதித்துச் சான்று தரவேண்டும். ஒப்படைத்துவிட்டுப் போங்கள்."

"எம்புட்டு நாள் ஆகும் சார்?"

"அதைச் சொன்னால் எதிரிகள் திட்டமிட்டுவிடுவார்கள்."

யார் அந்த எதிரிகள் என்று பாஸ்கல் கேட்கவில்லை. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒரு ரசீது வாங்கிக்கொண்டார். 'உறையிட்ட நீளமான பொருள் ஒன்று' என்று அதில் எழுதியிருந்தது. என்ன பொருள் என்று போடவில்லையே என்றதற்கு, போட்டால் வெளியே தெரிந்துவிடும் என்றார் சத்யபிரியா.

பிறகு பாஸ்கல் நடையாய் நடந்தார். ஒவ்வொரு முறையும் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று கேட்பார். ரகசிய அறையில் இருக்கிறது என்பார்கள். ரகசிய அறை எங்கே இருக்கிறது என்றால் சிரிப்பார்கள். ஒருநாள் ஆனந்த்ராஜிடமே நேராகக் கேட்டுவிட்டார்.

"உண்மையைச் சொல்லட்டுமா பாஸ்கல்? எனக்கே தெரியாது. வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் மாறுதலில் போய்விட்டார். போகும்போது நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அத்தனை கட்டுப்பாடான மனிதர். இந்த அளவுக்கு மறைவு காத்த அலுவலகம் இந்தியாவிலேயே வேறு இல்லை."

பாஸ்கல் வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னார். மரியசெல்வி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"தொலைச்சுட்டானுங்கன்னு சொல்லுங்க."

"தொலைக்கல செல்வி. மறைச்சு வச்சிருக்காங்க."

"ஏங்க, வீட்டுல அரிசி டப்பாவும் அப்படித்தான் இருக்கு. அரிசி இருக்கு, மறைஞ்சிருக்கு. அந்த அஸ்பாக் தம்பி திங்கக்கிழமையே வாங்கன்னுச்சு. போயிருக்கலாம்ல?"

ஆயுதத்தோடு சம்பந்தப்பட்ட எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்று ராணுவத்தில் பாஸ்கலைப் பழக்கியிருந்தார்கள். எதிரே நிற்பதும் முறைப்படி நடக்கிற ஆள்தானா என்று பார்க்கச் சொல்லித் தரவில்லை.

புரட்டாசி பிறந்ததும் அலுவலகம் 'மறைவு விழிப்புணர்வு வாரம்' கொண்டாடியது. நம் ஊரில் எதைக் கொண்டாடினாலும் ஃபிளெக்ஸ் இல்லாமல் கொண்டாட முடியாது. காது குத்துக்கு வைக்கிறோம், கண்ணீர் அஞ்சலிக்கு வைக்கிறோம், மறைவுக்கு வைக்காமல் விட முடியுமா? பஸ் ஸ்டாண்டு முன்னால் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் எழுந்தது. மேலே ஆனந்த்ராஜ் கண்ணாடி போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். கீழே 'துப்பாக்கி வைத்திருப்பதை வெளியே காட்டிக்கொள்ளாத எங்கள் மாவட்டத்தின் மாண்புமிகு உரிமதாரர்கள்' என்ற தலைப்பில் எல்லாருடைய படமும் இருந்தது. பெயர், வீட்டு முகவரி, என்ன துப்பாக்கி என்பதுவரை போட்டிருந்தார்கள். பாஸ்கல் மூன்றாவது வரிசையில் இருந்தார். ரேஷன் கார்டுப் படத்தை எடுத்துப் பெரிதாக்கியதில் தேடப்படும் ஆள் மாதிரி ஆகிவிட்டிருந்தார்.

மறுநாள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுப்பாடம் முடித்து வந்திருந்தார்கள். இப்படி ஒருநாளும் நடந்ததில்லை. மரியசெல்வி காரணம் கேட்டதற்கு முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "உங்க வீட்ல ரெண்டு குழாய் துப்பாக்கி இருக்காம்ல டீச்சர், அப்பா சொன்னாங்க" என்றாள். தெருவில் கடன் கொடுத்த மளிகைக்கடைக்காரர்கூடக் கேட்பதை நிறுத்திவிட்டார். அந்த வகையில் மட்டும்தான் அந்தத் துப்பாக்கியால் குடும்பத்துக்கு ஏதோ நன்மை விளைந்தது. மரியசெல்விக்கோ அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

வாரத்தின் கடைசி நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. நிலக்கோட்டையில் இருந்து வேனில் மல்லிகை வந்து இறங்கியிருந்தது. ஆளுக்கொரு மாலையும் சால்வையும் தயாராக இருந்தன. ஆனந்த்ராஜ் மைக்கைப் பிடித்தார்.

"இந்த மாவட்டத்தில் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது ஒரு குழந்தைக்கும் தெரியாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அப்படிப்பட்ட உரிமதாரர்களை இப்போது ஒருவர் பின் ஒருவராக மேடைக்கு அழைத்து உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். பலத்த கைதட்டல் கொடுங்கள். சிலர் கேட்கிறார்கள், இந்த அலுவலகம் என்னதான் செய்கிறது என்று. அது வெளியே தெரியாமல் இருப்பதுதான் எங்கள் வெற்றி. சென்ற ஆண்டு நாங்கள் என்ன செய்தோம் என்று மேலிடமே விசாரித்தது. அவர்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த ஆண்டு அதைவிடச் சிறப்பாகச் செயல்படுவோம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பாஸ்கலுக்குச் சால்வை போர்த்தினார்கள். தோளில் துப்பாக்கி இல்லாமல் மேடையில் நின்றுகொண்டிருந்தவருக்கு, மாலையைத் தொட்டுப் பார்த்தபோது தான் செத்துப்போய்விட்டோமோ என்று ஒரு நிமிஷம் சந்தேகமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அஸ்பாக் போன் செய்தார். "அண்ணே, ஃபிளெக்ஸ்ல உங்களைப் பார்த்தேன். நல்லா இருந்துச்சு. துப்பாக்கி வந்துருச்சா? அடுத்த வாரத்துக்குள்ள கையில இருந்தாச் சொல்லுங்க. இல்லன்னா கோவிச்சுக்காதீங்க."

அந்த வாரமே ஆயுத பூஜை விடுமுறை வந்தது. அதற்கு முந்தின நாளே அலுவலகங்களில் பூஜை போட்டுவிடுவார்கள். கணிப்பொறிக்குப் பொட்டு, ஜீப்புக்கு வாழைக்கன்று, எல்லாருக்கும் பொரிகடலை. அந்த முந்தின நாள், இன்று எப்படியும் கெஞ்சி வாங்கிவிடுவது என்று பாஸ்கல் காலையிலேயே போனார். வாசலில் முத்துச்சாமிகூட இல்லை, சுண்டல் வாங்கப் போயிருந்தார். உள்ளே முற்றத்தில், ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி நீளமாக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதன் மேல் பதினைந்து இருபது துப்பாக்கிகள் உறை இல்லாமல் அம்மணமாகப் படுத்திருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் இருந்ததை மட்டும் குழல் மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தி, இரண்டு குழலிலும் கொத்துக் கொத்தாக ஊதுபத்தி செருகியிருந்தார்கள்.

பாஸ்கல் பார்த்தார். அது அவருடைய துப்பாக்கி. புனேயில் ஒரு மழைநாளில் படியில் விழுந்து அதன் மரப்பிடியில் ஏற்பட்ட வெடிப்பு அப்படியே இருந்தது.

"அது என்னுது!" என்று கத்திவிட்டார்.

பூஜை நின்றது. சூடத்தட்டோடு ஆனந்த்ராஜ் திரும்பினார்.

"எது?"

"ஊதுபத்தி வச்சிருக்கீங்களே, அது. என் துப்பாக்கி சார். ரகசிய அறையில இருந்து எடுத்துட்டீங்களா?"

"பூஜைக்கு வேண்டும் என்று தேடினோம், கிடைத்துவிட்டது. சாமி காரியம் இல்லையா. சரி, இது உங்களுடையது என்று எப்படித் தெரியும்?"

"பார்த்தாத் தெரியுதே சார்."

"பார்த்தால் தெரிகிறது," என்று ஆனந்த்ராஜ் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அவர் முகத்தில் துக்கம் படர்ந்தது. "சத்யபிரியா, எழுதிக்கொள்ளுங்கள். பொது இடத்தில், உறை இல்லாமல், பார்த்தால் தெரிகிற மாதிரி."

அடுத்த வாரம் விசாரணை. விசாரித்தவரும் ஆனந்த்ராஜ்தான். வேறு யாருக்கும் இந்த நெறி தெரியாது.

"இந்தத் துப்பாக்கி யார் பெயரில் இருக்கிறது?"

"எம் பேர்ல சார்."

"பொது இடத்தில் அது மறைக்கப்படாமல் இருந்ததா, இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா நீங்கதான சார் எடுத்து வச்சீங்க?"

"நாங்கள் வைத்தோம். மறுக்கவில்லை. இந்த அலுவலகம் ஒருபோதும் பொய் சொல்லாது. ஆனால் எங்களுக்கு உரிமம் கிடையாது. உரிமம் இல்லாதவர் உரிம விதியை எப்படி மீற முடியும்? ஒரு விதியை மீறவேண்டும் என்றால் முதலில் அதற்குள் வரவேண்டும் பாஸ்கல். நீங்களாகவே தேடி வந்தீர்கள். உங்களைப் பாராட்டுகிறேன். நாங்கள் இன்னும் வரவில்லை."

உரிமம் ரத்து. துப்பாக்கி பறிமுதல். குழலுக்குள் சாம்பல் அடைத்திருந்ததால் ஆயுதத்தைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று தனியாக ஒரு குறிப்பு. பாஸ்கல் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது முத்துச்சாமி ஒரு பொட்டலம் பொரிகடலையை அவர் கையில் திணித்தார். அந்த ஆபீஸில் அவருக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பொருள் அதுதான், அதுவும் நமுத்துப்போயிருந்தது.

அஸ்பாக் நல்ல மனிதர். "கன்மேன் சீட்டுக்கு ஆள் போட்டாச்சுண்ணே. ரிமார்க் இல்லாத லைசென்ஸு. பணப்பெட்டி தூக்குற வேலை இருக்கு. உங்களை அதுக்குக் கூப்பிட எனக்கு வாய் வரல" என்றார். பாஸ்கல் அவருக்கு அந்தச் சங்கடம் வைக்காமல் தானே பெட்டியைத் தூக்கினார். அரிசி வாங்க வேண்டியிருந்தது.

புதுக் காவலர் ஸ்டான்லி, நிலக்கோட்டைப் பக்கத்து ஆள். அவரும் ராணுவம்தான், நாகாலாந்தில் இருந்தபோது எடுத்த உரிமம். முதல்நாளே துப்பாக்கியை உறையில்லாமல் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். பாஸ்கல் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நீ இங்க எங்க பதிஞ்ச?"

"எங்கயும் பதியலண்ணே."

"கேட்கக்கூட இல்லையா?"

"போய்க் கேட்டா நம்மகிட்ட துப்பாக்கி இருக்குன்னு அவனுகளுக்குத் தெரிஞ்சுபோகும்லண்ணே" என்றார் ஸ்டான்லி, சாதாரணமாக. அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இரண்டு. இந்தச் சம்பளத்தை நம்பித்தான் கொடைரோட்டில் வாடகைக்கு வந்திருந்தார்கள்.

தீபாவளிக்கு முன்னால் ஒருநாள், துப்பாக்கி ஆபீஸுக்குப் பக்கத்து ஏ.டி.எம்.மில் பணம் நிரப்ப வேண்டியிருந்தது. பணம் எடுக்க வந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார் ஸ்டான்லி. துப்பாக்கியைப் பார்த்ததும் வரிசை பத்தடி பின்னால் போனது. வரிசையின் முன்னால் நின்றவர் ஆனந்த்ராஜ். அவரும் மரியாதையாகப் பின்னால் போய்ச் செருப்பை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றார். பிறகுதான் பெட்டியோடு வந்த பாஸ்கலை அடையாளம் கண்டார்.

"அடடே, பாஸ்கல்! இப்போது கையில் துப்பாக்கி இல்லை. பார்க்கவே நிறைவாக இருக்கிறது. இப்படித்தான் இருக்க வேண்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, ஸ்டான்லியைக் கண்ணால் காட்டினார். "இந்தத் தம்பி யார்? நம் அலுவலகத்தில் பார்த்த ஞாபகம் இல்லையே. வெளி மாநிலமா?"

பாஸ்கல் ஸ்டான்லியைப் பார்த்தார். ஸ்டான்லிக்கு இந்தப் பேச்சு காதில் விழவில்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுவரை அதிகாரி கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி தவிர வேறு பதில் சொல்லியறியாத பாஸ்கல், பெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்ல சார். பொறந்து வளந்தது, லைசென்ஸ் எடுத்தது எல்லாம் இங்கனதான். நீங்கதான் அன்னைக்கு அவருக்குச் சால்வை போட்டீங்க."

ஆனந்த்ராஜ் கொஞ்சம் யோசித்தார். "ஆமாம், ஆமாம். போட்டேன்" என்றார்.